சருகு குப்பையன்று: ஓடைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

ஓடைகளின் பராமரிப்பைப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

நான் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கெடுத்துவரும் ஓடையைத் தூய்மைப்படுத்த நீங்கள் பிறப்பித்திருக்கும் பணி ஆணையைப் படித்தேன். ஓடைப்படுகையில் தேங்கியிருக்கும் சருகுகளையும் விழுந்து கிடக்கும் மரத்துண்டுகளையும் முழுமையாக அள்ளுவது, கரையோர மரங்களை வெட்டுவது, அவை நின்ற இடத்தில் இருபுறமும் கான்கிரீட் சரிவு அமைப்பது ஆகிய மூன்றும் அதில் ஒரே பணியாகச் சொல்லப்பட்டுள்ளன. நெகிழிப் பைகளும் கட்டட இடிபாடுகளும் இடம்பெற்ற அதே வரியில், ஒரு காற்புள்ளி இடைவெளியில், ‘இலைக்குப்பை’ என்ற சொல்லும் இருக்கிறது. இந்த மடலை எழுத வைத்தது அந்தக் காற்புள்ளிதான். நெகிழியை அள்ளுங்கள், இடிபாடுகளையும் அள்ளுங்கள், தேவையானால் நானும் வந்து கைகொடுக்கிறேன். சருகை அந்தப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் என்னால் வாய்மூடி ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உங்களைக் குறை சொல்லும் முன் என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாம் ஆண்டில் தன்னார்வலர்களை அழைத்துச் சென்று, வாருகோலும் கூடையுமாக, ஓடையின் ஒரு பகுதியில் இருந்த சருகு முழுவதையும் வாரிக் கரையேற்றியவன் நானேதான். தண்ணீர் தெளிந்து, அடியில் கூழாங்கற்கள் பளிச்சென்று தெரிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட பெருமிதம் இன்றும் நினைவிருக்கிறது. அடுத்த மாதம் அதே இடத்தில் வலையிட்டு அரித்து வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். அதற்கு முந்தைய மாதம் தட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஊர்ந்தும் நெளிந்தும் கொண்டிருந்த உயிர்களில் பெரும்பாலானவை இல்லை. மணலும் சில மெல்லிய புழுக்களும் மட்டும் கிடந்தன. கரையில் நாங்கள் குவித்துவைத்த சருகுக் குவியலைப் பிரித்துப் பார்த்தபோது, காய்ந்த இலைகளின் நடுவே சிறு சிறு குழல் கூடுகள் ஒட்டிக் கிடந்தன. அவற்றைக் கட்டிய புழுக்கள் உள்ளேயே உலர்ந்து போயிருந்தன. ஓடைக்கு நல்லது செய்வதாக எண்ணி அதன் உணவையும் உண்பவர்களையும் சேர்த்தே அள்ளிக் கரையில் கொட்டியிருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

இலை நீரில் விழுந்த பின் நடப்பவற்றை அறிந்தவர்கள் இந்த ஆணையை எழுதியிருக்க மாட்டார்கள் என்று நான் நம்புவதால், அவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீரில் விழுந்த இலை முதல் ஓரிரு நாள்களிலேயே தன்னிடமுள்ள சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், பாலிஃபீனால்கள் போன்ற கரையக்கூடிய பொருள்களில் கணிசமான பங்கை நீரில் கசிய விடுகிறது. எஞ்சியிருப்பது செல்லுலோஸும் லிக்னினுமாகிய முரட்டு உடல். பெரும்பாலான விலங்குகளால் அதை நேரடியாகச் செரிக்க முடியாது. அதன் மேல் பூஞ்சைகள் குடியேறுகின்றன. 1942இல் சி. டி. இங்கோல்ட் என்ற தாவரவியலாளர், மட்கும் இலைகளில் வாழும் நீர்ப் பூஞ்சைகளை விவரித்தார். அவற்றின் வித்துகள் பல நான்கு கரங்களைக் கொண்டவை. ஓடும் நீரில் அடித்துச் செல்லப்படும்போது, ஏதாவதொரு கரம் இலையின் மேற்பரப்பில் நங்கூரம்போல் மாட்டிக்கொள்ளும்படி அமைந்தவை. பூஞ்சை இழைகள் இலைக்குள் ஊடுருவி அதை மென்மையாக்குவதோடு, நீரிலுள்ள நைட்ரஜனையும் உறிஞ்சித் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் மட்கிக்கொண்டிருக்கும் இலையின் புரதச் செறிவு குறைவதற்கு மாறாகக் கூடுகிறது. கௌஷிக், ஹைன்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்களும் 1971இல் இதை விளக்கி, ஓடை உயிர்கள் புத்திலையைவிடப் பூஞ்சை படர்ந்த இலையையே விரும்பி உண்கின்றன என்பதையும் காட்டினார்கள். அருவருப்போடு நாம் தள்ளிவிடும் வழுவழுப்பான பழுப்பு இலைதான் ஓடையில் மிகச் சத்துள்ள உணவு.

அதை உண்ண வருபவை முதுகெலும்பற்ற சிற்றுயிர்கள். இலைத் துண்டுகளையோ மணலையோ பட்டு போன்ற இழையால் ஒட்டித் தம்மைச் சுற்றிக் குழல்கூடு கட்டிக்கொள்ளும், கேடிஸ்ஃப்ளை என்னும் சிறகுப் பூச்சியின் புழுக்கள், குளிர்ந்த தூய நீரை நாடும் ஸ்டோன்ஃப்ளை என்னும் பூச்சியின் இளம்பருவங்கள், கம்மாரஸ் போன்ற இறாலினத்து உறவினர்கள், வெப்பமான நாடுகளில் நன்னீர் நண்டுகளும் இறால்களும் நத்தைகளும் இந்த வேலையைச் செய்கின்றன. இவற்றைக் கிழித்துண்ணிகள் எனலாம். இவை இலையைக் கடித்துக் கிழித்து உண்ணும்போது, பூஞ்சையும் இலையும் சேர்ந்தே உள்ளே செல்கின்றன. ஆனால் உண்டதில் சிறு பங்கையே இவற்றால் உடலில் சேர்த்துக்கொள்ள முடிகிறது; பெரும்பங்கு நுண்ணிய எச்ச உருண்டைகளாக வெளியேறுகிறது. இதைத் திறமைக்குறைவு என்று கருதிவிடாதீர்கள். ஓடையின் மற்ற உயிர்கள் அனைத்தும் பிழைப்பது அந்தத் திறமைக்குறைவினால்தான்.

ஒரு மில்லிமீட்டருக்குப் பெரிய துணுக்குகளைப் பருந்துணுக்கு என்றும், அதற்கும் கீழே 0.45 மைக்ரோமீட்டர் வரையுள்ளவற்றை நுண்துணுக்கு என்றும் ஓடை ஆய்வாளர்கள் பிரிப்பார்கள். முழு இலையைப் பருந்துணுக்கிலிருந்து நுண்துணுக்காக மாற்றுவதில் கிழித்துண்ணிகளின் தாடைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. எச்ச உருண்டைகளும் கடிக்கும்போது உதிர்ந்த துகள்களும் நீரோடு கீழ்நோக்கிச் செல்ல, அங்கே வேறொரு கூட்டம் காத்திருக்கிறது. கருப்பு ஈயின் புழுக்கள் பாறையில் தம் பின்முனையைப் பற்றிக்கொண்டு, தலையிலுள்ள விசிறிகளை விரித்து நீரைச் சலிக்கின்றன. கேடிஸ்ஃப்ளைகளில் சில இனங்கள் கற்களுக்கிடையே வலை பின்னித் துகள்களைப் பிடிக்கின்றன. படுகையில் தங்கிய துகள்களைப் பொறுக்கித் தின்ன மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம்பருவங்களும், கடிக்காத கொசு போன்ற சிறு ஈக்களின் சிவந்த புழுக்களும் இருக்கின்றன. கருப்பு ஈப் புழுக்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன: மிக நுண்ணிய துகள்களை விழுங்கி, அவற்றைவிடப் பெரிய எச்ச உருண்டைகளாக வெளியேற்றுவதால், கடலை நோக்கி ஓடிவிடவேண்டிய பொருள் படுகையில் தங்கி மறுபடியும் யாருக்கோ உணவாகிறது. 1970களில் கென்னத் கம்மின்ஸ் இவ்வுயிர்களை அவற்றின் குலத்தைக் கொண்டல்லாமல் உண்ணும் முறையைக் கொண்டு வகைப்படுத்தினார். 1980இல் ராபின் வானோட்டும் கம்மின்ஸ் உள்ளிட்ட உடனாய்வாளர்களும், ஆறு தொடங்கும் இடத்திலுள்ள நிழல் சூழ்ந்த தலையோடையிலிருந்து அகன்ற ஆறுவரை இந்த உண்போர் கூட்டத்தின் விகிதம் எவ்வாறு படிப்படியாக மாறுகிறது என்பதை ஆற்றுத் தொடர்ச்சிக் கோட்பாடாக விளக்கினார்கள். அதன்படி தலையோடையில் கிழிக்கப்படும் இலை, கீழே பல காதம் தள்ளி வாழும் உயிர்களின் உணவாகவும் ஆகிறது. ஆகவே மேல்பகுதியில் நீங்கள் செய்யும் வேலை மேல்பகுதியோடு நின்றுவிடாது.

‘இந்தப் புழுக்களால் என்ன பயன்?’ என்று களத்துக்கு வந்திருந்த ஒருவர் என் தட்டைப் பார்த்துக் கேட்டார். கேலியாக அன்றி உண்மையாகவே கேட்டார் என்பதால் இங்கேயே விடை சொல்கிறேன். இப்புழுக்களைத் தட்டானின் இளம்பருவங்களும் மீன்களும் தின்கின்றன. பிழைத்தவை சிறகு முளைத்து நீரைவிட்டு வெளியேறி, கரையிலுள்ள சிலந்திகளுக்கும் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் இரையாகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஒரு காட்டோடையை ஆராய்ந்து நகானோ, முரகாமி இருவரும் 2001இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்த ஓடைக் காட்டில் வாழ்ந்த பறவைக் கூட்டத்தின் ஆண்டு ஆற்றல் தேவையில் 25.6 விழுக்காடு ஓடையிலிருந்து பறந்துவந்த பூச்சிகளிலிருந்து கிடைத்தது. மீன்களின் ஆற்றலில் 44 விழுக்காடு காட்டிலிருந்து நீரில் விழுந்த சிற்றுயிர்களிலிருந்து கிடைத்தது. மரமும் ஓடையும் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கை நான் கண்டதில்லை. உங்கள் ஆணை இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் அறுக்கிறது.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு, சருகு இல்லாவிட்டால் ஓடை வேறு எதையாவது உண்டு வாழும் என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கக்கூடும். அதற்கும் விடை ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பேர் புரூக் என்னும் சிற்றோடையின் ஓராண்டு ஆற்றல் வரவுசெலவை ஃபிஷரும் லைக்கன்ஸும் கணக்கிட்டு 1973இல் வெளியிட்டார்கள். அவ்வோடைக்குக் கிடைத்த ஆற்றலில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது சுற்றியிருந்த காட்டிலிருந்து வந்ததே. ஓடைக்குள் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கியது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. நிழல் அடர்ந்த ஓடையில் வேறு உணவு பெரிதாக இல்லை என்பது அதன் பொருள். அடுத்த ஆய்வு உங்கள் ஆணையோடு இன்னும் நேரடியாகத் தொடர்புடையது. வட கரோலினாவின் கோவீட்டா ஆய்வுக் காட்டில் புரூஸ் வாலஸும் உடனாய்வாளர்களும் ஒரு சிற்றோடையின் மேலே வலைப் பந்தல் கட்டி, பக்கவாட்டிலிருந்தும் சருகு உருண்டு விழாமல் தடுத்து, சில ஆண்டுகள் கவனித்தார்கள். 1997இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளில், கிழித்துண்ணிகள் மட்டுமல்லாமல் அவற்றை வேட்டையாடும் உயிர்களும் சேர்ந்தே சரிந்திருந்தன. பாசி படர்ந்த பாறைப் பகுதியில் வாழ்ந்தவற்றில் மட்டும் பெரிய மாற்றமில்லை. அவர்கள் வலை கட்டித் தெரிந்துகொண்டதை நீங்கள் மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டு மறுபடியும் சோதித்துப் பார்க்கப் போகிறீர்கள். வேறுபாடு என்னவென்றால் அவர்கள் பக்கத்தில் தொடாத ஓடை ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தார்கள், உங்கள் திட்டத்தில் அப்படியொன்று இல்லை.

அதே கோவீட்டாவில் அதற்கும் முன்பே, 1980களின் தொடக்கத்தில், எதிர்த்திசையிலிருந்து ஒரு சோதனை நடந்தது. சருகை விட்டுவைத்து, மெத்தாக்சிகுளோர் என்ற பூச்சிக்கொல்லியை ஓடையில் கலந்து பூச்சிகளை மட்டும் அகற்றிப் பார்த்தார்கள். இலைகள் சிதைவது மந்தமாயிற்று. கீழே செல்லும் நுண்துணுக்குகளின் அளவும் குறைந்தது. பூஞ்சையும் பாக்டீரியாவும் அங்கேயே இருந்தும் அந்த இழப்பை அவற்றால் ஈடுகட்ட முடியவில்லை. இந்தச் சோதனையை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம், சருகு தேங்கி நாறுகிறது என்று மக்கள் உங்களிடம் கொடுத்த புகார். அந்தப் புகார் பொய்யன்று. அந்த நாற்றத்தை நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு அனுபவித்திருக்கிறேன். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் நடந்துபோய்ப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். ஒரே மரத்தின் இலைகளை ஒரே எடையில் வலைப்பைகளில் கட்டி, மரங்கள் சூழ்ந்த மேல்பகுதியிலும், ஏற்கெனவே கான்கிரீட் போடப்பட்டுக் கழிவுநீர்க் குழாயொன்று கலக்கும் கீழ்ப்பகுதியிலும் ஒரே நாளில் மூழ்கவைத்தேன். பைகளில் பாதி, புழுக்கள் நுழையக்கூடிய பெரிய கண்ணிகளைக் கொண்டவை. மறுபாதி, நுண்ணுயிர்கள் மட்டுமே நுழையக்கூடிய நுண்வலை. இம்முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. உலகெங்கும் ஓடையின் நலத்தை அளக்கப் பயன்படுத்துவது இதைத்தான். சில வாரங்கள் கழித்து எடுத்தபோது, மேல்பகுதியின் பெருங்கண்ணிப் பைகளில் இலை நரம்புகள் மட்டுமே சல்லடைபோல் மிஞ்சியிருந்தன; கூடவே கொழுத்த புழுக்கள். அங்கேயே நுண்வலைப் பையில் இருந்த இலைகள் மென்மையடைந்திருந்தாலும் முழுவடிவில் இருந்தன. கீழ்ப்பகுதியிலோ இருவகைப் பைகளுக்கும் வேறுபாடே தெரியவில்லை. இரண்டிலும் இலைகள் கறுத்து, கொழகொழவென்று, உருக்குலையாமல் கிடந்தன. அவற்றைப் பிழிந்தபோது வந்ததுதான் மக்கள் புகார் சொன்ன நாற்றம். உண்பவர்கள் இருந்த இடத்தில் சருகு தேங்கவில்லை, உண்பவர்களைத் துரத்திவிட்ட இடத்தில் தேங்கி அழுகுகிறது. பருவந்தோறும் இதைத் திரும்பச் செய்து பார்த்தேன். ஒருமுறைகூட மாறாக அமையவில்லை. ஐரோப்பாவில் 100 ஓடைகளில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வும், நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற ஊட்டப்பொருள்கள் அளவுமீறிக் கலந்த ஓடைகளில் இலைச் சிதைவு மந்தமாவதையும், அதற்குச் சிற்றுயிர்களின் வீழ்ச்சி காரணமாவதையும் கண்டது. நீங்கள் செலவு செய்ய வேண்டிய இடம் அந்தக் கழிவுநீர்க் குழாய்.

கரையோர மரங்களைப் பற்றி உங்கள் ஆணை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. மரம் போனால் இலை விழாது, இலை விழாவிட்டால் ஆண்டுதோறும் தூர்வாரும் செலவு மிச்சம் என்பது அதன் கணக்கு. நிழல் போனால் நீர் சூடேறும் என்பதையும், சூடேறிய நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதையும் பொறியாளர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிற்றுயிர்களில் முதலில் மறைபவை குளிரையும் ஆக்சிஜனையும் நாடும் ஸ்டோன்ஃப்ளைகள்தான். 2011இல் லூஸ் போயெரோவும் உடனாய்வாளர்களும் ஆறு கண்டங்களில் 22 ஓடைகளை ஒப்பிட்டபோது, நீர் வெப்பமாக ஆக இலைச் சிதைவில் நுண்ணுயிர்களின் பங்கு கூடிச் சிற்றுயிர்களின் பங்கு குறைவதைக் கண்டார்கள். நுண்ணுயிர்வழிச் சிதைவில் கரிமம் பெருமளவு கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. சிற்றுயிர்வழிச் சிதைவில் அது உடலாகவும் எச்சமாகவும் ஓடையில் தங்குகிறது. பிறகு அழகுக்காக ஒரே வகை மரத்தை வரிசையாக நடுவதாகவும் கேள்விப்படுகிறேன். எல்லா இலையும் ஓடைக்கு ஒன்றன்று. மெல்லிய, நைட்ரஜன் மிகுந்த இலை சில வாரங்களில் தீர்ந்துவிடும். தடித்த, டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த இலை மாதக்கணக்கில் இருந்து பஞ்சக் காலத்துக்கு உதவும். தைலமரம் போன்று எண்ணெயும் டானினும் நிறைந்த இலைகளை மட்டுமே உதிர்க்கும் ஒற்றைத் தோப்பு, ஓடைக்குக் கலப்புக் காட்டின் இடத்தை நிரப்பாது.

எதிர்வாதங்களையும் அறிவேன். சருகும் மரத்துண்டும் சிறுபாலங்களின் கண்களை அடைத்து வெள்ளத்தை உண்டாக்கும் என்பது முதலாவது. பாலத்தின் வாயிலைத் தடுக்கும் அடைப்பை நீக்குவதில் எனக்கு எந்த மறுப்புமில்லை; அதற்காக ஓடையின் முழுநீளத்தையும் சுரண்ட வேண்டியதில்லை. மேல்பகுதியில் கிடக்கும் மரத்துண்டுகள் சருகைத் தடுத்து நிறுத்தி, அங்கேயே தின்று தீர்க்கப்படும்வரை வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் முதல் பெருமழையில் எல்லாச் சருகும் ஒருசேர உங்கள் பாலத்துக்குத்தான் வந்து சேரும். கொசு பெருகும் என்பது இரண்டாவது. கொசுப் புழுக்கள் தேங்கிய நீரை நாடுபவை. கற்களுக்கிடையே சலசலத்து ஓடும் நீரில் அவற்றுக்குப் பெரிதாக இடமில்லை, அங்கே தட்டான் இளம்பருவங்களும் மீன்களும் வேறு இருக்கின்றன. கான்கிரீட் தளம் விரிசல் கண்டு பள்ளம் விழுந்த இடங்களில் கோடையில் தேங்கும் தண்ணீரில்தான் நான் கொசுப் புழுக்களைக் கொத்துக் கொத்தாகப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவற்றைத் தெளிவாகவே கேட்கிறேன். பணி ஆணையிலிருந்து ‘இலைக்குப்பை’ என்ற சொல்லை நீக்கி, நெகிழி, இடிபாடு, வீட்டுக் கழிவு ஆகியவற்றை மட்டும் அகற்றும்படி திருத்திய ஆணையை ஒப்பந்ததாரருக்கு எழுத்து மூலம் கொடுங்கள். அந்தப் பணியையும் இயந்திரத்தைப் படுகையில் இறக்காமல் கையால் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். மரத்துண்டுகளைச் சிறுபாலங்களின் வாயிலில் மட்டும் நீக்குங்கள். மற்ற இடங்களில் கிடந்தபடியே விட்டுவிடுங்கள். மரம் வெட்டும் பகுதியையும் கான்கிரீட் சரிவையும் நிறுத்திவையுங்கள். கரை அரிக்கும் இடங்களில் வேர்கொண்டு பிடிக்கும் பலவகை மரங்களையும் புதர்களையும் நட்டுப் பார்த்து, அது பயனளிக்காத இடத்தில் மட்டும் கட்டுமானத்தைப் பற்றிப் பேசலாம். கீழ்ப்பகுதியில் கலக்கும் கழிவுநீர்க் குழாயை அடைப்பதற்கான கால வரையறையை அறிவியுங்கள்; இவற்றில் எதற்கும் நிதியில்லை என்றால் இந்த ஒன்றுக்காவது ஒதுக்குங்கள். எந்த ஓடையில் பணி தொடங்கும் முன்பும் வலைப்பை முறையில் இலைச் சிதைவையும் படுகைச் சிற்றுயிர்களையும் ஓராண்டு அளந்து பதிவுசெய்வதைக் கட்டாயமாக்குங்கள். என் ஒன்பது ஆண்டுக் குறிப்பேடுகளை எந்தக் கட்டணமுமின்றித் துறைக்குத் தருகிறேன். உங்கள் பொறியாளர்களுக்கு வலையிடவும் இனம் காணவும் கற்றுக்கொடுக்க, நீங்கள் சொல்லும் நாளில் ஓடைக்கு வருகிறேன்.

இலையுதிரும் பருவம் தொடங்க இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் திருத்திய ஆணையை வெளியிடும்படியும், வெளியிட இயலாதென்றால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓடைச் சிற்றுயிர்களைக் கணக்கெடுத்துவரும் தன்னார்வலர்